பெஸ்காரோலி வீட்டு மருமகள்

என் கல்யாணப் பூசையில் மாப்பிள்ளையின் பெயரை வாசிக்க வந்த சாமியார் குடும்பப் பெயரில் தடுக்கி நின்றார். "பெஸ்... பெஸ்கோ..." என்று முயன்று பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வரிசையில் கறுப்புக் கோட்டும் காலில் சப்பாத்துமாக உட்கார்ந்திருந்த என் மாமனார் எழுந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "பெஸ்காரோலி, சாமி. 'கா'வை நல்லா நீட்டிச் சொல்லணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். முக்காட்டுக்குள் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. சாமியார் சரியாகச் சொல்லும்வரை அவர் உட்காரவும் இல்லை.

தூத்துக்குடிக் கரையில் பரங்கிப் பெயர் ஒன்றும் அதிசயமில்லை. நாலு நூற்றாண்டுக்கு முன்னால் போர்த்துகீசியர் எங்கள் சனத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நின்றவன் பெயரே வம்சத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறந்த ஊரான மணப்பாட்டில் நான் பர்னாந்து. எங்கள் தெருவில் பாதிப் பேர் பர்னாந்து, மீதிப் பேர் கோமஸ், மச்சாது. யாரும் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதில்லை. ஆனால் பெஸ்காரோலி என்ற பெயர் கடற்கரை முழுவதிலும் என் மாமனார் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. அது போர்த்துகீசியப் பெயரே இல்லை, இத்தாலியப் பெயர் என்பார் அவர். முத்துக்குளிப்புக் காலத்தில் முத்து வாங்க வந்த இத்தாலியக் கப்பல் கப்பித்தான் ஒருவன் இங்கேயே தங்கி, எங்கள் பெண்ணைக் கட்டி, இந்த வம்சத்தை உண்டாக்கினானாம். கதையைச் சொல்லும்போதெல்லாம் தன் மூக்கைத் தடவிக்கொள்வார். அந்த மூக்கு மணப்பாட்டுச் சந்தையில் நான் தினமும் பார்த்த மூக்குத்தான். கதையை நான் ஒரு நாளும் நம்பவில்லை. ஆனால் புது மருமகள் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அவருக்குச் சொந்தமாக ஒரு தோணி இருந்தது. வெங்காயமும் மிளகாய் வத்தலும் கூரை ஓடுகளும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வரும். எங்களவர்களில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வசதியான வீடுகளை மேசைக்காரர் என்றும், கடலில் இறங்கிப் பாடுபடுகிறவர்களைக் கம்மாரக்காரர் என்றும் பிரித்துச் சொல்வார்கள். மாமனார் மேசைக்காரர். மீன் விற்க வருகிற பெண்கள் வாசலோடு நிற்க வேண்டும், சமையல்கட்டான குசினிப் பக்கம் வரக்கூடாது. என் அப்பா வலை வைத்திருந்தவர் என்பதை அவர் குத்திக் காட்டியதில்லை. மறந்ததும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதத்தில், நாற்பதாம் வருஷம், இத்தாலி சண்டையில் சேர்ந்தது. வெள்ளைக்காரனுக்கு எதிரான பக்கம். அந்தச் செய்தி வந்த அன்று மாமனார் பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வடக்கே இத்தாலியச் சாமியார்களையும் வியாபாரிகளையும் பிடித்து முகாமில் அடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதற்கும் நமக்கும் என்ன என்று நினைத்திருந்தேன். பிறகு எதிர்க்கடையில் புதிதாக ஓர் ஆள் நிற்கத் தொடங்கினான். காலையில் வந்து கடலைமிட்டாய் வாங்குவான், மத்தியானமும் அதே மிட்டாயைத் தின்றுகொண்டிருப்பான். பக்கத்து வீட்டுக்காரி, "சி.ஐ.டி.யாம், ஏளா" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க வருவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த அடி தோணிக்கு விழுந்தது. கொழும்பு போகப் பாஸ் கிடையாது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. ஏற்றிய வெங்காயம் தோணியிலேயே அழுகியது. காற்று கடலிலிருந்து திரும்பினால் அந்த நாற்றம் எங்கள் ஜன்னலுக்குள் வரும். மாமனார் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சாத்திய வீட்டுக்குள் புழுக்கத்தில் உட்கார்ந்து, யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பார். தோணியை ஓட்டும் தண்டல், பழைய பங்காளி, கோயிலில் ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை என்று ஒவ்வொருவராக அவர் கண்ணில் குற்றவாளி ஆனார்கள்.

கடைசியில் அந்தக் கண் என்மேல் வந்து நின்றது. அதற்குக் காரணம் இருந்தது. என் அண்ணன் துறைமுகச் சுங்க ஆபீசில் கிளார்க். ஞாயிறு பூசை முடிந்து என்னைப் பார்க்க வருவான், வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். ஒரு ஞாயிறு, அவன் போன பிறகு மாமனார் என் கணவரிடம் என் காதில் விழும்படியே சொன்னார்: "இங்கன பேசுதது அங்கன ஆபீசுல கேக்குது. எப்படிக் கேக்குதுன்னு நீயே ரோசிச்சுப் பாரு."

அதற்குப் பிறகு அண்ணன் வரக்கூடாது என்று ஆனது. மணப்பாட்டிலிருந்து அம்மா கருப்பட்டி கொடுத்தனுப்பினால், மாமனார் அதை முற்றத்தில் கொட்டி, ஒரு கல்லை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தாரோ! நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது வயிற்றில் பிள்ளை. தூளான கருப்பட்டியைக் கோபத்தோடு வாரி அடுக்குப் பானையில் போடுவேன்.

சந்தேகம் என்பது ஒரு பக்கமாக நிற்கிற சாமான் இல்லை. அவர் என்னைச் சந்தேகிக்கச் சந்தேகிக்க நானும் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். ஒன்றும் இல்லாமலா போலீஸ் வாசலில் நிற்கிறது? அந்த மாடி அறைக்குள் அப்படி என்ன செய்கிறார்? ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் படியேறிக் கதவில் காதை வைத்தேன். உள்ளே அந்நிய மொழியில் முணுமுணுப்பு. கொஞ்சம் நின்று கேட்டபோது "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று வந்தது. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று கோயிலில் எல்லோரும் சொல்கிற லத்தீன் மன்றாட்டு மாலை! கிழவர் பயந்துபோய் உள்ளே தனியாக முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இறங்கி வந்தேன். அவர் பயந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயந்தவர்கள்தான் அதிகம் கெடுதல் செய்வார்கள் என்பதால் எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

என் கணவர் பஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அமைதியானவர். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொன்னார்: "பேரை மாத்திருவோம்ப்பா. நாம பர்னாந்துன்னே போட்டுக்கிடுவோம். ஊருல ஆயிரம் பர்னாந்து இருக்கான், அதோட ஒண்ணு."

மாமனார் கையை உதறி எழுந்தார். "ஏலே, இப்பம் பேரை மாத்துனா அவன் நெனச்சது நிசம்னுல்லா ஆயிரும்! அதுவும் யார் பேரு? இவ வீட்டுப் பேரா?"

என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். நான் அவர் இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மிச்சச் சோற்றைச் சட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்கு ஏழு மாதமானபோது, மதுரைக்கு வரச் சொல்லி மாமனாருக்குப் போலீசிடமிருந்து உத்தரவு வந்தது. அடைத்துவிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் நிச்சயம். ஒரு பெட்டியில் வேட்டி, செபமாலை, மருந்து எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கணவரோடு ரயிலேறினார். ஸ்டேஷனுக்கு வண்டி பூட்டியபோது என் தலையில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கக் கை தூக்கினார். பாதியில் என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார்.

மதுரையில் நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். ஓர் அறையில் போலீஸ் அதிகாரியும், காவலோடு ஓர் இத்தாலியனும் இருந்திருக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட கப்பல்காரன். வடக்கே முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அவனை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதிகாரி சைகை காட்ட, அவன் மாமனாரைப் பார்த்து மடமடவென்று தன் பாஷையில் பேசினான். மாமனாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே அந்நிய வார்த்தையாக, "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று சொல்லிக் கைகூப்பினாராம். அந்தக் காவல் அறையில் இத்தாலியன் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

அதிகாரி ஒரு தாளில் பெயரை எழுதி அவனிடம் காட்டினார். அவன் அதைப் "பெஸ்கரோ...லி" என்று படித்தான். நீட்டல் 'கா'வில் இல்லை, 'ரோ'வில். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: "இது எங்கள் நாட்டிலேயே அபூர்வமான பெயர். வடக்கே, கடலே இல்லாத சமவெளியில், சில ஊர்களில் மட்டும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். இந்தப் பெயர்க்காரர் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மீன் பிடிப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது."

"கடல் மீனா?" என்று கேட்டாராம் என் மாமனார், மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும்.

"அங்கே கடல் ஏது? ஆறும் குளமும்தான். குளத்து மீன்."

அதிகாரி தாளைக் கசக்கி எறிந்தார். "அவன் ஊரிலும் மீன்காரன், உன் ஊரிலும் மீன்காரன். போய் உன் வேலையைப் பார்." போகும்போது என் கணவர் துணிந்து கேட்டிருக்கிறார், எங்கள்மேல் புகார் கொடுத்தது யார் என்று. அதிகாரி மாமனாரையே கைகாட்டினார். மாதா கோயில் திருவிழா விருந்தில் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரைகள் நடுவில் உட்கார்ந்து, 'என் பூர்வீகம் இத்தாலி, என் உடம்பில் ஓடுவது இத்தாலிய ரத்தம்' என்று சத்தியம் செய்தது அவர்தானே?

வீட்டுக்கு வந்ததும் மாமனார் நேரே மாடி அறைக்குப் போய்விட்டார். என் கணவர் குசினியில் வைத்து இதையெல்லாம் சொல்லச் சொல்ல, நான் லேஞ்சித் துணியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு குலுங்கியது, பிள்ளை உதைத்தது. சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. இத்தனை மாதம் என் அண்ணன் முகத்தைப் பார்க்கவிடாமல், என் அம்மாவின் கருப்பட்டியைக் கல்லால் உடைத்தது இதற்காகவா?

சில நாள் கழித்து, நான் கூந்தல் உலர்த்திக்கொண்டிருந்தபோது முற்றத்துக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துச் சொன்னார்: "ஏளா, ஓங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பு. பிள்ளைக்கு ஞானத்தகப்பனா அவந்தான் நிக்கணும்."

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. ஆனால் எங்கள் கரையில் ஞானத்தகப்பன் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. அண்ணனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "இதுல அவருக்கு என்ன லாபம்? பாஸ் வாங்கித் தரச் சொல்லுவாரோ?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். ஞானஸ்நானத் தொட்டி ஓரத்தில் பிள்ளையைத் தாங்கி நின்றபோதும், மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பாஸ் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான். மாமனார் மறுபடி கதையைத் தொடங்கினார். முதலில் மூக்கைத் தடவினார், பிறகு கப்பித்தான் வந்தான். குளத்து மீனைப்பற்றி மூச்சுவிடவில்லை. என் முன்னால் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிப்பார். எனக்குத் தெரியுமோ என்று அவருக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்தது. நானும் அதைத் தீர்த்து வைக்கவில்லை. சாகும்வரை என்னிடம் மரியாதையாக இருந்தார். அந்த மரியாதையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று வயிற்றில் இருந்த பிள்ளை பெரியவனாகிக் கப்பலில் இஞ்சினியர் ஆனான். ஒரு தடவை அவன் கப்பல் பழுதாகி இத்தாலியில் பல நாள் நின்றது. அவன் சும்மா இருப்பானா? துறைமுகத்தில் விசாரித்தான். அந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்து ரயிலேறி, சமவெளியில் ஒரு சின்ன ஊருக்குப் போய், அந்தப் பெயர் எழுதிய கதவைத் தட்டியிருக்கிறான்.

ஒரு கிழவி கதவைச் சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்தாளாம். கறுத்த முகத்தைப் பார்த்ததும் சாத்தப் போனாள். இவன் இடுக்கு வழியே பாஸ்போர்ட்டை நீட்டினான். அவள் பெயரைப் படித்தாள், இவனைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். லீவுக்கு வந்திருந்த, ஆங்கிலம் தெரிந்த பேத்தியை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள்: சொத்தில் பங்கு கேட்டு வந்தாயா? இல்லை என்றான். உனக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது யார்? தெரியாது என்றான். அந்தப் பதிலுக்குத்தான் சங்கிலி கழன்றதாம்.

காப்பி கொடுத்திருக்கிறாள். தங்கள் ஆட்களும் குறைந்துவிட்டார்கள், இளவட்டங்கள் எல்லாம் பட்டணத்துக்கும் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள், இந்த ஊரில் தானும் தம்பியும்தான் மிச்சம் என்றாளாம். எங்கள் ஊரிலும் நாங்கள் கொஞ்சம் பேர்தான் என்று இவன் சொன்னான். உண்மைதான். தூத்துக்குடியில் இப்போது எங்கள் ஒரு வீடு, கொழும்பில் ஒரு கிளை, அவ்வளவே.

"நல்லாப் பேசுனாம்மா. கேக்கெல்லாம் வெட்டிக் குடுத்தா. ஆனா பாஸ்போர்ட்டை மட்டும் மடியிலயே வச்சிக்கிட்டா. நான் எந்திரிச்சு வாசல் தாண்டுன பொறவுதான் கையில தந்தா" என்று மகன் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருப்பேன்.