முருகேசன் வண்டிக் கண்ணாடி

அன்புள்ள ஜெபா, டேனியல்,

போன வாரம் பீரோவில் என் லைசென்ஸ் கவரைக் கிளறினீர்கள். உள்ளே பைபிள் வசனம் அச்சிட்ட, மஞ்சளாகிப்போன ஒரு வாக்குத்தத்த அட்டை இருந்தது. நாலு மூலையிலும் செல்லோ டேப் ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டிய தழும்பு. "என்னப்பா, வருஷா வருஷம் புது அட்டை எடுக்கறோம், இதை மட்டும் ஏன் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வாயால் சொன்னால் நடுவிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் ஜெபா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

1. ரேடியோ

நீங்கள் இருவரும் சின்ன வகுப்பில் இருந்தபோது நான் பெரம்பலூர் - அரியலூர் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டினேன். தனியார் பஸ் என்றால் டைமிங்தான் உயிர். ஒரு வண்டி கிளம்பி எட்டு நிமிடம் கழித்து அடுத்த வண்டி கிளம்ப வேண்டும். முன்னால் போகிறவன் ஆளுக்காக ஊர்ந்துகொண்டே போனால் பின்னால் வருகிறவனுக்கு ஸ்டாப்பில் ஆள் இருக்காது. பின்னால் வருகிறவன் விரட்டிவந்து முந்திவிட்டால் முன்னால் போனவன் காலி சீட்டோடு போக வேண்டும். இந்த எட்டு நிமிடத்துக்காக டிரைவர்கள் போடாத சண்டை இல்லை.

எனக்கு முன்னால் ஒரு பச்சை வண்டி. அதன் டிரைவர் முருகேசன். பதினோரு வருடம் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் தபேலா வாசிப்பேன். திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் வழிவிடாவிட்டால் பேரளியில் திட்ட ஆரம்பித்து சித்தளியில் முடிப்பேன். பயணிகள் இதற்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். சித்தளியில் பூக்கூடையோடு ஏறும் செல்வி அக்கா படியில் கால் வைக்கும்போதே கேட்பார், "டிரைவர் தம்பி, இன்னைக்கு ரேடியோ போட்டாச்சா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைத்தான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2. அட்டை

அந்த வருடம் புத்தாண்டு ஆராதனையில் வழக்கம்போல வெள்ளைத் துணி போர்த்திய தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகள் வந்தன. பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு நமக்கான வாக்கு. உங்கள் அம்மா எடுத்தாள். குடும்பத்தைப் பெருகப்பண்ணுவேன், ஆசீர்வதிப்பேன் என்கிற மாதிரி ஒன்று. நான் எடுத்தேன். கல்லாய்ப் போன மனதை எடுத்துவிட்டு, மெத்தென்ற புது மனதைத் தருவேன் என்று கர்த்தர் கொடுத்த வாக்கு.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. "எஸ்தர், மாத்திக்கலாமா?" என்று பெஞ்சிலேயே காதோரம் கேட்டேன்.

"உங்களுக்குன்னு வந்தத நான் ஏன் வாங்கறேன்? எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் அதை வண்டியின் முன்கண்ணாடியில், வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன். ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

3. பார்சல்

ஒட்டி நாலு நாள்கூட ஆகவில்லை. அன்று முருகேசன் வேண்டுமென்றே ஊர்ந்துபோய், சித்தளி தொடங்கி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எனக்கு நின்ற ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவன் சீட்டில் உட்கார்ந்து குச்சி வைத்துப் பல் குத்திக்கொண்டிருந்தான். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். சொல்லிக்கொண்டே அவன் வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஓங்கி ஓர் அறை விட்டேன். கண்ணாடி சில்லு சில்லாகக் கீழே விழுந்தது. என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

முருகேசன் இறங்கி வந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய் என் வண்டியின் முன்னால் நின்று, அந்த அட்டையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். பஸ் ஸ்டாண்டே கேட்டது.

"யோவ் சாமு, உனக்குப் புது மனசு தரேன்னு உங்க சாமி சொல்லிருக்காரே, இன்னும் வந்து சேரலியா? பார்சல் ஆபீஸ்ல மாட்டிக்கிச்சா?"

டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

செய்தி எங்கள் முதலாளிக்குப் போனது. ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்.

"கண்ணாடிய நீ உடைச்சியாய்யா?"

"இல்லீங்க சார். அவன் ரிவர்ஸ் எடுக்கறப்ப எங்கயோ இடிச்சிருப்பான். தானா உடைஞ்சதுங்க."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. இன்னொரு தடவை உன்னால பிரச்னைன்னு போன் வந்துச்சுன்னா, சாவிய இந்த டேபிள்ல வச்சுட்டுப் போயிடு. ஆள் அனுப்பிக் கூப்பிட மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது அட்டையைப் பிய்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

4. மருந்துச் சீட்டு

"ஏன் கழட்டிட்டீங்க?" என்று உங்கள் அம்மா கேட்டாள், கைக்கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டே.

"என் லட்சணத்துக்கு அது ஒரு கேடா? ஊரே சிரிக்குது."

"டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு யார் பாக்கெட்டுல இருக்கும்? உடம்பு சரியில்லாதவன் பாக்கெட்டுலதான் இருக்கும். நீங்க அத சர்ட்டிபிகேட்டுன்னு நினைச்சுக் கண்ணாடியில ஒட்டிட்டீங்க. போங்க, மறுபடி ஒட்டுங்க. இந்தத் தடவை எழுத்து உங்களப் பாத்து இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். வெளியே இருந்து பார்த்தால் வெறும் வெள்ளை அட்டை. சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு மட்டும் தெரியும். சாவி போடுவதற்கு முன் தினமும் ஒரு வரி ஜெபம் செய்தேன்: "ஆண்டவரே, நீங்க வாக்கு குடுத்திருக்கீங்க. என்னால ஆகல. நீங்க செய்யுங்க."

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் வாரம் மூன்று முறை ரேடியோ போட்டேன். இரண்டாவது வாரம் ஒரு முறை, அதுவும் பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் வண்டிக்குள் அமைதி. அதைப் பயணிகளால் தாங்க முடியவில்லை.

"என்ன டிரைவர் தம்பி, உடம்பு சுகமில்லையா?" என்றார் செல்வி அக்கா. "லாரிக்காரன் அப்படி ஒடிச்சுட்டுப் போறான், ஒண்ணுமே சொல்லல?"

எங்கள் கண்டக்டர் சாதிக் பாய் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார், "ரேடியோ ரிப்பேர், அக்கா. மாஷா அல்லாஹ், யாரும் சரிபண்ணிடாதீங்க!"

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. முருகேசனின் முதலாளி, 'உடைச்சவன்கிட்ட வாங்கி மாட்டு' என்று சொல்லிவிட்டாராம். நானோ உடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் முருகேசன், சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் எதுவும் தெரியாது. மார்கழி, தை மாதப் பனி வேறு. மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் பார்ப்பான். எட்டு நிமிடம் பின்னால் போக வேண்டிய நான் சில நாள் அவனுக்கு நெருக்கமாக வந்துவிடுவேன். அப்போதெல்லாம் அந்தத் தலைதான் என் கண்ணில் படும். எதிரே லாரி உரசிக்கொண்டு வரும்போது அந்தத் தலை உள்ளே போகிறதா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மெத்தென்ற மனது கேட்டேன் அல்லவா? அது வந்தால் இப்படித்தான் வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் முதலாளியிடம் பொய் சொன்னது தெரிந்துவிடும். சாவி போய்விடும். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள், "சாவி போனா எங்கம்மா வூட்டு வெங்காயக் காட்டுக்குப் போவோம். நீங்க அங்க உக்காந்து வெங்காயத்த திட்டுங்க. அது திரும்பிப் பேசாது. கண்ணுல தண்ணி மட்டும் வரும்" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு பயம் பாதியாகிவிட்டது.

5. சைஸ்

கடையில் ஒரு பக்கக் கண்ணாடி வாங்கினேன். மறுநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முருகேசன் வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. என் வண்டியும் சீக்கிரமே வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் கதவைத் திறந்து கீழே குதித்துச் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"என்ன, மிச்சக் கண்ணாடியையும் உடைக்க வந்தியா?"

"முருகேசா, அன்னைக்கு நான் உடைச்சது தப்பு. உடைக்கலன்னு சொன்னது அதவிடத் தப்பு. இத மாட்டிக்க. என்னை மன்னிச்சிரு."

அவன் என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கண்ணாடியை வாங்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தான்.

"யோவ், இது என் வண்டிக்குச் சேராதுய்யா. உன் வண்டி மாடலுக்கு வாங்கிட்டு வந்திருக்க. பதினோரு வருஷமா என் வண்டிய முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கியே, இதுகூடவா தெரியல?"

"பாத்ததெல்லாம் உன்னைத்தான்யா. வண்டிய எங்க பாத்தேன்?"

அவனுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. "சரி, பிடி. கட்டிப் பாப்போம்" என்றான்.

சாதிக் பாய் பஞ்சர் கடைக்கு ஓடி டியூப் ரப்பரும் கட்டுக்கம்பியும் வாங்கி வந்தார். நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். முருகேசன் கம்பியைச் சுற்றினான். அது சரிந்தது. மறுபடி சுற்றினான். இரண்டு வண்டிப் பயணிகளும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். "கொஞ்சம் மேல தூக்குப்பா", "இப்ப வானம்தான் தெரியும்", "என்னைத் தெரியுதா பாருங்க" என்று ஆளுக்கு ஒரு யோசனை. பூ விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப வந்த செல்வி அக்கா, "வாழைநார் வேணுமா? பூவே நிக்குது, இது நிக்காதா?" என்று ஒரு கற்றை நாரை நீட்டினார்.

அதற்குள் முருகேசனின் நேரம் போய், என் நேரமும் போய்விட்டது. டைம்கீப்பர் மைக்கில் கத்தினார், "பெரம்பலூர் வண்டி எடுங்க! ரெண்டு வண்டியும் நிக்குது! என்னய்யா நடக்குது அங்க?"

சாதிக் பாய் போன் அடித்தது. முதலாளி. ஸ்பீக்கரில் போட்டார்.

"மறுபடி சண்டையா பாய்?"

"இல்லீங்க மொதலாளி. கண்ணாடி மாட்டறாங்க."

"யாரு?"

"நம்ம சாமு அண்ணனும் முருகேசனும்."

"பாய், நீங்க நோன்பு கீன்பு இருக்கீங்களா? தலைசுத்தலா?" என்றார். "வண்டி வந்ததும் அவன ஆபீசுக்கு வரச் சொல்லுங்க."

6. சாவி

ஆபீசில் நுழைந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே சாவியை டேபிளில் வைத்தேன்.

"சார், அந்தக் கண்ணாடிய நான்தான் உடைச்சேன். தானா உடைஞ்சதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அதான் இன்னைக்கு மாட்டிக் குடுத்தேன். வண்டி லேட்டானதும் என்னாலதான்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தானா உடைஞ்ச கண்ணாடிக்கு, உன் கையில எதுக்குய்யா அன்னைக்கு அவ்ளோ பெரிய கட்டு?"

கட்டுப் போட்ட கையை டேபிள் மேல் வைத்துக்கொண்டுதான் அன்று அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்!

"தெரிஞ்சும் ஏங்க சார் விட்டீங்க?"

"நல்லா ஓட்டறவன். வந்து சொல்லுவான்னு பாத்தேன். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாக்கறதா இருந்தேன்." சாவியை என் பக்கம் தள்ளினார். "சண்டை போட்டு லேட்டானவன பாத்திருக்கேன். சமாதானமாகி லேட்டானவன இப்பத்தான்யா பாக்கறேன். இதுக்கு என்ன தண்டனை குடுக்கறதுன்னே தெரியல. ஒரு மாசத்துக்கு விடியக்காலை முதல் டிரிப் நீ எடு. அந்தக் குளிர்ல கோவம் வராது."

பிள்ளைகளே, இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அந்தச் சாவிதான் நமக்குச் சோறு போடுகிறது என்று நான் நம்பியபோது, அதைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். கர்த்தர் சொன்ன சொல்தான் நம்மைத் தாங்குகிறது என்று நம்பியபோது, சாவியை நானே எடுத்து டேபிளில் வைக்க முடிந்தது. நல்ல குணம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு நாமே செய்துகொள்கிற சாமான் இல்லை. அவர் தருகிறேன் என்றதை, நமக்கு அது இல்லை என்று ஒத்துக்கொண்டு, தினமும் கேட்டு வாங்குவதுதான் அது. சில நாள் லேட்டாக வரும். ஆனால் பார்சல் தொலைவதில்லை. என் ரேடியோ இப்போதும் எப்போதாவது கரகரக்கும், அது உங்களுக்கே தெரியும். அப்போது "அப்பா, சீட்டு" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் முதல் டிரிப்புக்காக விடியும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடைகூடத் திறக்கவில்லை. என் வண்டிக்குப் பக்கத்தில் முருகேசன் வண்டி நின்றது. கம்பி, ரப்பர், வாழைநார் எல்லாம் சேர்ந்து கட்டிய அந்தக் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. என் தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தேன். ஒரு மூலை ஆடியது. கம்பியை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டு, என் வண்டியில் ஏறினேன்.