பின் அறைச் சுவருக்குக் கால் லிட்டர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கால் லிட்டர் பெயிண்டை டப்பாவிலிருந்து பாட்டிலுக்கு மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனையில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல் மேல்.

டப்பா நாலு லிட்டருடையது. அடியில் மட்டும் மிச்சம் இருந்தது. நாலு வருடமாகக் கவிழ்த்து வைத்திருந்ததால் உள்ளே காற்று போகவில்லை. ஆனால் மூடி விளிம்பில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. அப்பா ஊறுகாய் பாட்டிலின் வாயில் நைலான் துணியைக் கட்டினார். நான் டப்பாவைச் சரித்தேன். இளம்பச்சை நூலாக இறங்கியது.

"பாட்டில் நிறையணும் மக்ளே. மேல காத்து நின்னா ஆடை கட்டீரும்."

"ஃப்ரிட்ஜில வச்சிரலாமாப்பா?"

"ஏன், தாளிச்சும் வச்சிரு."

அது சுசீலாபாய் டீச்சர் வீட்டுப் பின் அறைக்கான பெயிண்ட். அவர் கணவர் வேலாயுதன் சார் பக்கவாதம் வந்து மூன்று வருடமாக அந்த அறையில்தான் படுத்திருக்கிறார். அவர் நடமாடிய காலத்தில் அப்பா அதற்கு அடித்தார். சார் பக்கத்தில் நின்று, போதும் என்பதற்கு மலையாளத்தில் "மதி" என்று சொல்லும்வரை சொட்டுச் சொட்டாக நிறம் சேர்த்துக் கலக்கியது. அந்த நிறத்துக்குக் கம்பெனி நம்பர் கிடையாது. எந்தக் கடையிலும் கிடைக்காது.

போன மாதம் அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்தது. இடித்துப் பூசினார்கள். கட்டிலுக்கு நேரெதிரே, ஆளுயரத்துக்குச் சாம்பல் திட்டு. யாரோ நிற்பதாக எண்ணி சார் தூங்குவதில்லை. அறை முழுக்க அடிக்க அவரை நகர்த்த முடியாது. அதே பெயிண்டால் திட்டை மறைத்தாக வேண்டும்.

அப்பாவுக்குப் போன் வந்தது. உள்ளே போனார். டப்பாவின் உட்பக்கம் ஒட்டியிருந்ததை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலம்பி மாவிலேயே ஊற்றுவோம். கை அதையே செய்தது. ஒரு கையளவு குழாய்த் தண்ணீர் விட்டு அலம்பிப் பாட்டிலில் ஊற்றினேன். கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் நான் டெஸ்டிங் எஞ்சினியர். பிறர் செய்த பிழையைக் கண்டுபிடிப்பது என் வேலை.

அப்பா வந்து பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தண்ணி விட்டியோ?"

"கொஞ்சம்."

"அடிக்கும்போ விடுறது வேற மக்ளே. எடுத்து வைக்கும்போ சொட்டுத் தண்ணி ஆவாது. அழுவிப் போவும்." திட்டவில்லை. மூடியை இறுக்கினார். "சுவரு காய ரெண்டாழ்ச்ச விடலாம்னு இருந்தேன். இனி இந்த வாரமே முடிச்சிரணும். கூடிப்போனா பத்து நாளு தாங்கும்."

அவர் பெயர் தங்கபாண்டி. நாங்குநேரிப் பக்கம். பத்தொன்பது வயதில் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். இரண்டு வருடம் சிமெண்ட் சுமந்தார். பிறகு வெள்ளையடிப்பு, பிறகு பெயிண்ட். ஐம்பத்து மூன்றில் இறந்தார்.

மற்ற பெயிண்டர்கள் மிச்சங்களை ஒன்றாகக் கொட்டி, வருகிற நிறத்தை எங்காவது மதிலுக்கு அடித்துவிடுவார்கள். அப்பா ஒரு வீட்டுப் பெயிண்டை இன்னொரு வீட்டில் தொடமாட்டார். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை எங்கள் கட்டிலுக்கடியில் பலகை போட்டு வைத்தார். வெறும் தரையில் வைத்தால் டப்பாவின் அடி துருப்பிடிக்கும். விளிம்பைத் துடைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி மூடுவார். ஒவ்வொன்றின் மேலும் அந்த நிறத்தில் ஒரு பொட்டு. வீடு, அறை, மாதம்.

"மனுசர் கால் நீட்ட இடமில்ல. ஊரார் சுவரெல்லாம் எங் கட்டிலுக்கடியில," என்பார் அம்மா வடிவம்மாள்.

"கேட்டு வந்தா என்னட்டி சொல்லுவ?"

முப்பது வருடத்தில் ஆறேழு பேர் கேட்டு வந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை அப்பா டீச்சர் வீட்டுக்குப் போனார். புறங்கையை வைத்துப் பார்த்தாராம், பூச்சு காய்ந்திருந்தது. தேய்த்து பிரைமர் அடித்தார். "புதங்கிழம ரெண்டு கோட்டு. காலைல ஒண்ணு, வைகிட்டு ஒண்ணு," என்றார்.

செவ்வாய்க்கிழமை வேறு வேலைக்குப் போக தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றவர் சரிந்தார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. அந்த வார அவசரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவின் போன் அடித்தது. டீச்சர்.

"தங்கபாண்டீ, புதனாழ்ச்ச வரும்னு சொல்லிட்டு எவிடப் போனீரு?"

சொன்னேன்.

"ஐயோ மோளே. திங்களாழ்ச்ச இங்க கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போன மனுசன்."

சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அதொண்ணும் இப்பப் பேசண்டா" என்றார். நான் விடவில்லை.

"பிரைமர் அடிச்ச பெறகு வெள்ளையா ஆளு நிக்குதுன்னு சொல்றாரு. ஆரு, ஆருன்னு ராத்திரி பூரா கேள்வி. துணி தொங்க விட்டேன். துணி ஆடினா கூடுதல் பேடிச்சுக் கத்துறாரு."

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறந்தேன். ஏழாம் நாள். அழுகிய வாடை இல்லை. மேலே நீர் பிரிந்திருந்தது, குச்சியால் கலக்கியதும் சேர்ந்துகொண்டது. அட்டையில் ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் டப்பா மூடியிலிருந்த பொட்டின் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசம் தெரியவில்லை.

"பதினாறு கழியாம அடுத்த வீட்டுப் படி ஏறலாமா? அதும் நோவு உள்ள வீடு," என்றார் அம்மா.

"பதினாறு வரைக்கும் இது தாங்காதும்மா. மூணு நாளுதான்."

அம்மா பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "டீச்சர்ட்டயே கேளு. அவங்களுக்கு மனசு வந்தாப் போ."

கேட்டேன். "நான் தீட்டொண்ணும் நோக்கறதில்ல மோளே. நீ வா," என்றார் டீச்சர்.

அப்பாவின் பையில் இரண்டங்குல பிரஷ் கழுவி, தாளில் சுற்றி இருந்தது. பாட்டிலை அதற்குள் வைத்தேன். அப்பா கடைசியாக அடித்தது அந்த வெள்ளை. அதை மூடத்தான் இந்தப் பச்சை. புதன்கிழமை வேலை அப்படியே இருக்கிறது: இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேரம்.