சுவரில் ஒட்டிய கண்ணாடி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை ஒட்டி மேம்பால வேலை நடக்கிறது. தூணுக்குத் துளை போடும்போது வீடே அதிரும். அதனால் முன்கூட்டியே பொறியாளர்கள் வந்து, என் வீட்டுச் சுவரிலிருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்கள். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும், உடனே தகவல் சொல்லுங்கள் என்றார்கள்.

அடுத்த தெருவில் அப்படிக் கண்ணாடி உடைந்த ஒரு வீட்டுக்குச் சுவரைப் பூசி வெள்ளையடித்தும் கொடுத்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஒரு மத்தியானம் சுத்தியலால் கண்ணாடியைத் தட்டி உடைத்துவிட்டு, போன் செய்தேன்.

வந்தவர்கள், "வீட்ட உடனே காலி பண்ணுங்க" என்றார்கள். மாடியில் குடியிருக்கும் செல்வியின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருப்பவர். அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படியிறக்கி, வெயிலில் தெருவோரம் வைத்தார்கள்.

செல்வி என்னிடம் வந்து, "நீங்க பாத்துச் சொல்லலன்னா நாங்க மேலயே கெடந்திருப்போம் அண்ணாச்சி. அப்பாவத் தூக்கிட்டு எங்கன ஓட?" என்று அழுதாள்.

சாயங்காலம் அளந்து பார்த்த பொறியாளர், விரிசல் கொஞ்சமும் அகலவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். வேறெதுவும் கேட்காமல் புதுக் கண்ணாடியை ஒட்டினார். பெரியவரை மறுபடி மேலே தூக்கியபோது நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன்.

இப்போது தினமும் காலையில் செல்வியையும் கூப்பிட்டுக்கொண்டுதான் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறேன். தனியாக அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

இதை எழுதி அனுப்பும் இந்த இதழை அவள் என்னிடம்தான் வாங்கிப் படிப்பாள். இது வெளிவந்தால் நானே மாடியேறிப் போய்க் கொடுப்பேன்.