மரான் நோ எல்லாம் எந்திரிங்க

வட பர்மாவின் மிச்சினா சந்தையில் இலையில் பொதிந்த சோறு விற்கும் ரோய் ஜிக்கு வாய் கொஞ்சம் நீளம். விலை குறைத்துக் கேட்டவன் நாலு கடை தள்ளிப் போன பிறகும் அவள் குரல் அவனைத் துரத்தும். அப்படிப்பட்டவள், புருஷனைப் போலீஸ் பிடித்துப் போன அன்று வாயடைத்துப் போனாள்.

அவன் பெயர் மரான் நோ. மரான் என்பது குலம். நோ என்றால் இரண்டாவது மகன். எங்கள் கச்சின் இன வீடுகளில் பிறந்த வரிசைதான் பெயர். பாலத்துக்கு வெடி வைத்த போராளியின் பெயர் மரான் நோ என்று போலீசுக்குத் தகவல். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், புத்திசாலிகள்.

முன்னாள் தளபதி ஊ பா ஞுன் சீருடையைக் கழற்றிவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு, நாட்டுத் தலைவராகி அரசாங்கத்தைச் சீர்திருத்திக்கொண்டிருந்த காலம் அது. ரங்கூனில் பத்திரிகைகள் வாய் திறந்தன. எங்கள் மலைகளில் மட்டும் பீரங்கி ஓயவில்லை. குறை கேட்க அவர் மிச்சினாவுக்கும் வந்தார்.

மண்டபத்தில் ரோய் ஜி எழுந்தாள்.

"ஐயா, என் புருஷன் வெடி வைக்கலை. அந்த மனுஷனுக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாது."

"பேரு பொருந்துதுங்க ஐயா," என்றார் பக்கத்திலிருந்த போலீஸ் அதிகாரி.

"பேரா?" ரோய் ஜி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இங்க இருக்கிற மரான் நோ எல்லாம் கொஞ்சம் எந்திரிங்கப்பா!"

ஒருவரும் அசையவில்லை. எழுந்தால் போலீஸ் கண்ணில் பட வேண்டும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு? அப்போது முன்வரிசையில் தடியை ஊன்றி வயதான போதகர் எழுந்தார்.

"நானும் மரான் நோதான்."

பின்னால் ஒரு தச்சர் எழுந்தார். அப்புறம் ஆட்டோக்காரர். அதிகாரிக்குத் தேநீர் கொண்டுவந்தவரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஏத்துங்க எல்லாரையும் வண்டியில!" என்றாள் ரோய் ஜி. பழைய குரல் முழுசாகத் திரும்பியிருந்தது.

தளபதி போதகரைப் பார்த்தார். "பாலத்துக்கு வெடி வச்சது நீங்களா?"

"பாலம் வரைக்கும் என்னால நடக்கவே முடியாதுங்களே."

தளபதியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மரான் நோவை விடுதலை செய்யச் சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையிலும் மலைப் பக்கம் பீரங்கி முழங்கியது. சிறை வாசலில் ரோய் ஜி நீட்டிய உத்தரவைக் காவலர் பார்த்து உள்ளே குரல் கொடுத்தார்: "மரான் நோ!"

மூன்று பேர் வந்தார்கள். காவலர் தலையைச் சொறிந்தார்.

"இதுல உன் புருஷன் யாரும்மா?"

ரோய் ஜி மற்ற இரண்டு முகங்களையும் பார்த்தாள்.

"யாரா இருந்தா உங்களுக்கென்ன? புருஷனை விடுன்னா எழுதியிருக்கு? மரான் நோவை விடுன்னுதானே எழுதியிருக்கு!"

காவலர் உத்தரவை இன்னொரு முறை படித்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.