டீச்சரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் டீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக, வண்டி பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் தனியாகப் பொருத்திய பிரேக் பெடலுக்கு ஒரு விரற்கடை மேலே காவல் காத்த கால் அது. கல்யாண மாப்பிள்ளைகள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு வக்கீல் என்று எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கிறது.

அந்தக் காலுக்குத்தான் இப்போது கெட்ட பெயர். போன மழையில், முன்னால் போன லாரி திடீரென்று நின்றபோது ஓட்டிக்கொண்டிருந்த பெண் உறைந்துபோனாள். டீச்சர் தன் பெடலை மிதித்தார். ஈரச் சாலையில் கார் வழுக்கிப் போய் ஒரு மதில் சுவரில் முட்டியது. ஹெட்லைட்டோடு போயிற்று, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கால் மூளையின் பேச்சைக் கேட்பதில்லை. சிக்னல் தூரத்தில் தெரிந்தாலே மிதிக்கிறது. நாய் குறுக்கே வரும் என்று நினைத்தாலே மிதிக்கிறது. பழகுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பிரேக் டீச்சர்’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அது டீச்சர் காதுக்கும் வந்தது.

முகத்துக்கு நேரே சொன்னவர் வண்டி பழக வந்த ஒரு நர்ஸ்தான். டெஸ்டில் இரண்டு முறை தோற்றவர் அவர். இரண்டு முறையும் நிறுத்த வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றார். ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி நிக்கறப்பல்லாம் நான் நிறுத்தறேனா நீங்க நிறுத்தறீங்களான்னே எனக்குத் தெரியல. டெஸ்ட்ல நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க. வேற இடம் பாக்கலாம்னு இருக்கேன்.”

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ஏனென்றால் அந்தம்மா சொன்னது அத்தனையும் உண்மை. திங்கட்கிழமை ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் வாருங்கள், அன்றைக்கும் என் கால் குறுக்கே வந்தால் நானே உங்களை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டு இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றார். பேச்சுக்குச் சொல்லும் பெண்மணி இல்லை அவர்.

எதனால் இந்தப் பயம் என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். பதில் லேசாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அறுபதைத் தாண்டி ஓட்டியதே இல்லை. முழு வேகத்தில் மிதித்தால் தன் கார் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. தெரியாததால்தான் கால் முந்திக்கொண்டு மிதிக்கிறது. டயர் கடைச் சுவரில் ஒரு மாதமாக ஒரு நோட்டீஸ் தொங்குவது ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் புதியவர்களுக்கான நாள், சொந்தக் காரிலேயே வரலாம். வெள்ளிக்கிழமை காலை போன் போட்டு ஓர் இடம் பிடித்துவிட்டார்.

அவர் கணவர் பல் செட் செய்பவர். நாள் முழுக்க ரோஸ் நிற மெழுகைக் குடைந்து ஊராருக்குப் பல் வரிசை வடிப்பதுதான் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் ரேஸா என்று அவர் சிரித்தார். ரேஸ் இல்லை, பாடம் என்றார் டீச்சர். முன்பல் நாலு போனாலும் செலவில்லை, வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் கடைக்கு அவரே கூட வந்தார். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், கை நீண்ட பருத்திச் சட்டை, பெடலின் அசைவு பாதத்துக்குத் தெரியும்படி மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. தலையை ஆட்டினாலும் ஹெல்மெட் ஆடக்கூடாது என்று டிராக்கில் போனில் சொல்லியிருந்ததால், டீச்சர் கடை நடுவில் நின்று ஆட்டிப் பார்த்தார். கடைக்காரர் எதையோ மறுக்கிறார் என்று நினைத்து விலையைக் குறைத்தார்.

சனிக்கிழமை காரின் முறை. மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். ஆயில் கறுத்துக் கிடந்தது. இதோடு சுற்றினால் நாலாவது ரவுண்டில் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும் என்று சொல்லிப் புது ஆயில் ஊற்றினார். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார். சக்கர நட்டுகளை அளவு பார்த்து முறுக்கினார். டயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். டீச்சர் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றார்.

மாலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காரைக் காலி செய்தார்கள். உள்ளே உருளக்கூடிய ஒரு பேனாகூட இருக்கக்கூடாது என்பது டிராக் விதி. டிக்கியிலிருந்து மூன்று குடை, விண்ணப்பத்தாள் கட்டு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, தலைமையாசிரியர் இரண்டு வருடமாகத் தேடும் மூக்குக்கண்ணாடி எல்லாம் வெளியே வந்தன. டீச்சர் பட்டியலை மூன்று முறை சரிபார்த்தார். ஒன்றும் விடுபடவில்லை என்று சத்தியமே செய்திருப்பார்.

மறுநாள் காலை டிராக்கில் வண்டியைச் சோதித்தவர் ஹெல்மெட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். அங்கே இன்னொரு ஜோடி பெடல்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்திரண்டு வருடமாக மிதித்து மிதித்து, அது தனியாகப் பொருத்திய சாமான் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் கால் தெரியாமல் பட்டால் வளைவில் வண்டி சுழன்றுவிடும், கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்றார் சோதித்தவர். ஸ்பேனர் வாங்கிக் கழற்றினார்கள். கணவர் அந்தப் பெடல்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு தாடிக்காரர், டீச்சரின் மகன் வயதுதான் இருக்கும். முதல் ரவுண்டுகளில் டீச்சர், வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கைத் தடவினார். தடவாதீர்கள், ஓரத்தில் நட்டிருக்கும் இரண்டாம் எண் பலகை வரை பொறுத்து நேராக இருக்கும்போதே ஒரே மிதியாக மிதியுங்கள், வண்டி திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தளர்த்துங்கள் என்றார் தாடிக்காரர். ஐந்தாவது ரவுண்டில் டீச்சருக்குப் பிடிபட்டது. நூற்றுப்பத்தில் வந்த வண்டி மூக்கைத் தாழ்த்தி, சொன்ன இடத்தில் சொன்னபடி அடங்கியது. இத்தனை நாள் எங்கேயம்மா ஒளித்து வைத்திருந்தாய் இதையெல்லாம் என்று காரிடம் கேட்கத் தோன்றியது அவருக்கு.

தலை நிமிர்ந்ததும் பழக்கம் வேலையைக் காட்டியது. காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இங்கே இண்டிகேட்டர் போட்டால் திரும்பப் போகிறேன் என்று அர்த்தமில்லை, பின்னால் வருகிறவருக்கு வழிவிடுகிறேன் என்று அர்த்தம். டீச்சர் அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியும் வைத்திருந்தார். ஆனால் எத்தனையோ ஆயிரம் தடவை ‘இண்டிகேட்டர் போடுங்க’ என்று சொன்ன வாய்க்குச் சொந்தக்காரி ஆயிற்றே. வலப்பக்க வளைவு நெருங்கியதும் விரல் தானாக நெம்புகோலைத் தட்டியது. பின்னால் வந்த சிவப்புக் கார், அம்மா வழி விட்டுவிட்டார் என்று வளைவின் உள்பக்கம் பாய்ந்தது.

டீச்சர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஒரே மிதியாக மிதித்தார். சிவப்புக் கார் ஒரு முழ இடைவெளியில் முன்னால் கடந்து போயிற்று. கார் கோடு கிழித்த மாதிரி நேராக வேகம் குறைந்தது, வழுக்கவில்லை.

கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டார்கள். ஏற்பாட்டாளர் வெளுத்து வாங்கினார். இன்னொரு முறை இண்டிகேட்டர் எரிந்தால் நேராக வீட்டுக்குத்தான் என்றார். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். அவர் மனசு அந்தத் திட்டில் இல்லை. தாடிக்காரரிடம் திரும்பினார்.

“தம்பி, அவன் உள்ள பாஞ்சப்போ உங்க கால் அசையவே இல்லையே. ஏன்?”

“அசைச்சு என்ன மேடம் பண்றது? என் பக்கம் பெடலே இல்ல. நீங்க பிடிப்பீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். பிடிச்சீங்க.”

 அந்த மழைநாளுக்குப் பிறகு தன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் பிடிப்பாரா என்று தான் ஒரு நொடிகூடப் பொறுத்துப் பார்த்ததில்லையே என்று டீச்சருக்கு இருந்தது. நர்ஸை நினைத்து மனசு வலித்தது.

நடந்ததைக் கேட்ட கணவர் சட்டைப் பையிலிருந்து மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்தார். கடித்துக் காட்டுங்கள் என்று எல்லோர் வாயிலும் வைக்கிற அதே மெழுகு. அதைக் கைச்சூட்டில் இளக்கி இண்டிகேட்டர் நெம்புகோலில் அப்பினார். “இதுல விரல் பட்டா அச்சு விழும். சாயந்திரம் பாத்துச் சொல்றேன், நீ எத்தனை பொய் சொன்னேன்னு,” என்றார். மீதி ரவுண்டுகளில் விரல் மெழுகுக்கு மேலே போய்ப் போய்த் திரும்பியது. மாலையில் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மெழுகு வழவழவென்று இருந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வழி நெடுகத் தாடிக்காரரைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே மெக்கானிக்கை எழுப்பிப் பெடல்களைத் திரும்பப் பொருத்தினார். பழகும் வண்டிக்கு அது வேண்டும், அதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. பொருத்தியதும் தன் பிரேக் பெடலின் முகத்தில் புது மெழுகுத் துண்டு ஒன்றை அப்பினார்.

நர்ஸ் வந்தார். அவ்வளவாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளரவம் இல்லாத நீண்ட சாலை, முடிவில் வெள்ளைக் கோடு. டீச்சர் ஒன்று மட்டும் சொன்னார், அந்தக் கோட்டில் நிறுத்துங்கள் என்று. பிறகு வாயை மூடிக்கொண்டார். கார் வேகம் பிடித்தது. கோடு நெருங்கியது. டீச்சரின் கால் பெடலுக்கு மேலே தவித்தது. தொடையில் நரம்பு இழுத்தது. இன்னும் இடம் இருக்கிறது, இந்த வேகத்துக்கு இன்னும் இரண்டு வண்டி நீளம் இருக்கிறது. நேற்று வரை அது அவருக்குத் தெரியாது, இன்று தெரியும். பொறுத்தார்.

கார் மூக்கைத் தாழ்த்தி நின்றது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

நர்ஸ் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே தன் பழைய சந்தேகத்தையே கேட்டார். “நீங்க பிரேக் போட்டீங்களா டீச்சர்?”

“கீழ குனிஞ்சு பாருங்க. மிதிச்சிருந்தா அந்த மெழுகுல என் ஷூ அச்சு விழுந்திருக்கும்.”

நர்ஸ் பெல்ட்டைத் தளர்த்திக் குனிந்து பார்த்தார். மெழுகில் ஒரு கோடுகூட இல்லை. நிமிர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“அப்ப நான்தானா?”

“நீங்கதான்.”

பின்னால் ஒரு வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. டீச்சர் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காத்திருந்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்து, பெல்ட்டை இறுக்கி, இண்டிகேட்டர் போட்டு, தானே வண்டியை எடுத்தார்.