முஸ்கதேவுக்கு ஏற்ற மீன்

செஞ்சி முசாபரி பங்களாவின் வாட்ச்மேன் செல்லப்பன் கொஞ்சம் அளப்பார். கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்கு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு துரை வீட்டுக் குசினியில் எட்டு வருஷம் சமையலைத் தன் கையில் வைத்திருந்ததாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஐம்பத்து நாலில் துரை கப்பலேறியதும் செஞ்சிக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தார், வள்ளியம்மாளையும் கட்டிக்கொண்டார்.

பங்களாவில் தங்குகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டது வள்ளியம்மாள்தான். செல்லப்பன் கரண்டியைத் தொட்டதே கிடையாது. "எங்க துரை வூட்ல வெங்காயத்த இப்படியா அரிவாங்க?" என்று குறை சொல்ல மட்டும் ஆஜராகிவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் குழம்பை இறக்கினாள். பாவம், நம்பிவிட்டாள்.

அறுபத்தாறு மாசியில் ஒரு பிரெஞ்சு மதாம் கோட்டை பார்க்க வந்தார். வாசலிலேயே செல்லப்பன் தன் குசினிப் புராணத்தை பிரெஞ்சில் எடுத்துவிட்டார். அந்த அம்மாள் பூரித்துப்போய் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலையும், மதுவிலக்குக்காக அதற்கு வாங்கிய பெர்மிட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். லுவார் ஆறு கடலில் சேரும் தன் ஊர்ப்பக்கத்து வெள்ளை ஒயின், பெயர் முஸ்கதே. "மலை ஏறிவிட்டு மத்தியானம் வருகிறேன். இதற்கு ஏற்றதை உங்கள் கையாலேயே சமைத்துவையுங்கள்."

உண்மையில் துரை வீட்டில் செல்லப்பன் பார்த்தது தட்டு கழுவுகிற வேலை. அது இன்றைக்கு வெளியே வந்தால் வள்ளியம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது?

பாட்டிலைக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனார். சிங்கவரத்திலிருந்து வந்த விராலை அறுத்து வைத்துவிட்டு வள்ளியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"புளி வேணாம் வள்ளி. மொளகாயும் வேணாம். அந்த ஒயினே எலுமிச்சம்பழம் புழிஞ்சாப்ல இருக்கும். புளி பட்டா அதோட ருசி செத்துடும்."

"வேற இன்னாத்த போட்றது? தொர வூட்ல சமைச்சவரு நீங்கதானே, சொல்லுங்க."

செல்லப்பன் பேச்சை மாற்றினார். "அந்த ஒயின, அடியில தங்குற மண்டிய எடுக்காம குளிர்காலம் பூரா அப்படியே வுட்டு வெப்பாங்க. பழைய சோத்து மேல நீராகாரம் நிக்குதே, அதுமாதிரி."

வள்ளியம்மாளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "நீராகாரத்துக்கு உப்பும் சின்ன வெங்காயமும் போதுமே! நவுருங்க."

அவரை ஒதுக்கிவிட்டு விராலை உப்பு நீரில் பதமாக வேகவைத்தாள். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து புது வெண்ணெயில் வதக்கி மேலே ஊற்றினாள். செல்லப்பனுக்கு மூச்சு வந்தது.

மதாம் ஒரு வாய் மீன், ஒரு மிடறு ஒயின் என்று நிதானமாகச் சாப்பிட்டார். அவர் ஊரில் கடல் சிப்பியும் ஆற்று மீனும்தான் இந்த ஒயினுக்குத் துணையாம். ஆற்று மீனுக்கு இதே வெண்ணெய், இதே வெங்காயம்! சாப்பிட்டு முடித்ததும் நேரே அடுப்படிக்கு வந்து செல்லப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் அம்மா கையால் சாப்பிட்டதுபோல இருந்தது. நீங்கள் பெரிய சமையல்காரர்."

பிரெஞ்சு தெரியாத வள்ளியம்மாள் முகமெல்லாம் கரியோடு நின்றாள். "இன்னா சொல்றாங்க? நல்லா இல்லியாமா?"

என்ன சொன்னாலும் நம்பியிருப்பாள். அதுதான் செல்லப்பனுக்குத் தாங்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு மதாமிடம் உண்மையைச் சொன்னார். சமைத்தது அவள். நான் அங்கே தட்டு கழுவினவன். எந்த பாட்டில் திறந்த அன்றைக்குத் தட்டில் எந்த முள் கிடக்கும், எந்த எலும்பு கிடக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வள்ளியம்மாளைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லப்பன் தலையைக் குனிந்தபடி அத்தனையையும் அவளுக்குத் தமிழில் சொன்னார்.

வள்ளியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எட்டு வருசமா தட்டா கழுவுனே?"

"ஆமா வள்ளி."

"அடப்பாவி மனுசா! அதக் கத்துக்குனு வந்தவன் பக்கத்துலயே குந்தினு இருக்க, பன்னெண்டு வருசமா நான் இல்ல கழுவினு இருக்கேன்!"

மேஜைமேலிருந்த தட்டுகளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். செல்லப்பன் கிணற்றடிக்குப் போனார். அன்றைக்கு அந்தத் தட்டுகள் கண்ணைப் பறித்தன.