வால் இல்லாத ஆர்.என்.ஏ.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவில் ஒரு நொதி, ஆர்.என்.ஏ.வின் நுனியில் அடினைன் என்ற மூலக்கூறுகளை வரிசையாகச் சேர்த்து வால்போல நீட்டிவிடும். அந்த வால் எதற்கு என்பதுதான் என் கேள்வி. நம் உடலின் செல்களில் அப்படிப்பட்ட வால் ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கிறது. பாக்டீரியாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். என் வழிகாட்டியும் நம்பினார்.

ஆனால் அந்த நொதி இல்லாத பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழியவில்லை, கூடுதல் நேரம் இருந்தது. குழாய்களை மாற்றிவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். மூன்று முறையும் அதே முடிவு.

"உன் கைதான் சரியில்லை" என்றார் வழிகாட்டி.

மறுநாள் காலை ஆரணிக்கு பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியை. பொதுத்தேர்வுத் தாள் திருத்தி முடித்து வந்திருந்தாள். விரலில் சிவப்பு மை இன்னும் போகவில்லை.

"இன்னா, சொல்லாம வந்து நிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பை விடப் போகிறேன் என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் சில வார்த்தைகளை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எந்தக் குழாய் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தானே பேர் எழுதுறேன்."

"அதான் பேஜாரு. எங்களுக்கு வர்ற பேப்பர்ல பேரே இருக்காது, டம்மி நம்பர்தான். யாரு புள்ளையோன்னு யோசிச்சிகினு மார்க் போட முடியாது. நீயும் வேற யாரையாவது நம்பர் போடச் சொல்லேன். அப்புறமா படிப்ப வுடுறதப் பத்திப் பேசலாம்."

நான்கு நாள் கழித்துத் திரும்பினேன். கூடப் படித்த தோழி குழாய்களைப் பிரித்து, எண் போட்டு, பட்டியலைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான் ஆர்.என்.ஏ. கறுப்புக் கோடுகளாகப் பதியும் எக்ஸ்ரே படத்தைக் கழுவி, எந்த எண்ணில் ஆர்.என்.ஏ. நீடித்தது என்று எழுதிய பிறகுதான் அவள் பட்டியலைப் படித்தாள். நீடித்தவை எல்லாமே நொதி இல்லாதவை. படத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியின் அறைக்குப் போனேன்.

வழிகாட்டி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து, கப்பலில் தாமதமாக வந்த ஓர் ஆய்விதழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாக்டீரியாவில் அந்த வால் காப்பதில்லை, சிதைக்கும் நொதிகளுக்கு இடம் கொடுக்கிறது என்று வெளிநாட்டில் முன்பே கண்டிருந்தார்கள்.

"நான்தான் தப்பா நினைச்சிருந்தேன்ம்மா" என்றார்.

எனக்கு முன்னால் வேறொருவர் போய்விட்ட வருத்தம் அன்று முழுதும் இருந்தது. மறுநாள் புதிய தட்டில் பாக்டீரியாவை வளர வைத்தேன். அந்த வாலிலிருந்து எந்த நொதி தின்னத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.